80 வாட் வேப்புக்கு எந்த மாட், எந்த பேட்டரி?

வாசகர் கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். வயது 38. பதினைந்து வருடம் சிகரெட் பிடித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் சின்ன பாட் வேப்புக்கு (கையடக்கமான எளிய மின்சிகரெட்) மாறினேன். அதன் பிறகு சிகரெட்டைத் தொடவில்லை. இப்போது 0.2 ஓம் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்; ஓம் அதன் மின்தடை அளவு) போட்ட டாங்க் (திரவத் தொட்டி) வாங்கி 70, 80 வாட்டில் பிடிக்கலாம் என்று ஆசை. நண்பர் ஒருவர் தன் பழைய மெக்கானிக்கல் மாடை (மாட் என்பது டாங்கைப் பொருத்தும், பேட்டரி போடும் பகுதி) தருகிறேன் என்கிறார். கடையில் 'அதிகபட்சம் 100 வாட்' என்று எழுதிய ஒற்றை பேட்டரி மாட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 9900 எம்ஏஎச் (கொள்ளளவு) 18650 பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. இதில் எது பாதுகாப்பு? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: மூன்றுமே வேண்டாம். நண்பர் அந்த மாடைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். 100 வாட் ஒற்றை பேட்டரி மாடை 80 வாட்டில் ஓட்டாதீர்கள். 9900 என்று எழுதிய பேட்டரியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு 18650 பேட்டரி போடும், உள்ளே கட்டுப்பாட்டு சிப் உள்ள பாக்ஸ் மாட். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு புரிந்துவிட்டால் அடுத்த முறை கடைக்காரர் சொல்வதை நீங்களே சரிபார்த்துக்கொள்வீர்கள்.

18650 என்பது பேட்டரியின் அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். அந்த உலோகக் குழாய்க்குள் நேர்மின், எதிர்மின் தகடுகளைப் பாய் சுருட்டியது போல் சுருட்டி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். உள்ளே ஊறியிருக்கும் திரவம் எரியக்கூடியது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் பேட்டரி சூடாகும். சூடு எல்லை மீறினால் படலம் உருகும், தகடுகள் ஒன்றோடொன்று தொடும், அதனால் இன்னும் சூடாகும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு யாராலும் அதை நிறுத்த முடியாது. அதனால் பேட்டரி விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'ஒரு பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் கரண்ட் இழுக்கப் போகிறோம்?' என்பதுதான். பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட் எண் அதற்கு அப்புறம்.

மெக்கானிக்கல் மாடை எடுத்துக்கொள்வோம். அதில் சிப் கிடையாது. ஒரு உலோகக் குழாய், ஒரு பட்டன், உள்ளே பேட்டரி, அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் பேட்டரியும் காயிலும் நேராகச் சேரும். 4.2 வோல்ட்டை 0.2 ஓமால் வகுத்தால் 21 ஆம்பியர், அதாவது 88 வாட். அதே குழாயில் யாராவது 0.1 ஓம் காயில் போட்டால் 42 ஆம்பியர். எந்த 18650-ம் அதைத் தொடர்ந்து தாங்காது. காயில் ஷார்ட் ஆனாலும், பட்டன் பையில் அழுந்திக் கிடந்தாலும், பேட்டரி தீரும் நிலைக்கு வந்தாலும் நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில மாட்களில் டாங்கின் அடியில் இருக்கும் நடு ஊசி பேட்டரியின் தலையை நேராகத் தொடும். அந்த ஊசி போதுமான அளவு வெளியே நீண்டிருக்காவிட்டால், சுற்றியுள்ள மரை வளையம் பேட்டரித் தலையில் உட்கார்ந்து நேரடி ஷார்ட் ஆகிவிடும். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேப் வெடித்து ஒருவர் இறந்தார். அது இப்படி சிப் இல்லாத வகை மாட். பல வருடம் காயில் சுற்றிப் பழகி, ஓம் மீட்டரில் அளந்த பிறகே பேட்டரி போடுகிறவர்கள் கையில் அது இருக்கலாம். பாட் வேப்பிலிருந்து நேராக அதற்குப் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்து சிப் உள்ள மாட். இங்கே கணக்கு மாறுகிறது, பலரும் தவறு செய்வதும் இங்கேதான். 'காயில் 0.2 ஓம், அதனால் 21 ஆம்பியர்' என்று இதற்கும் கணக்குப் போடுவார்கள். அது சரியில்லை. சிப் நடுவில் இருப்பதால் காயிலின் ஓம் பேட்டரியைப் பாதிக்காது. நீங்கள் திரையில் வைக்கும் வாட்டை எப்பாடுபட்டாவது காயிலுக்குக் கொடுப்பது சிப்பின் வேலை. பேட்டரியின் வோல்ட் இறங்க இறங்க, அதே வாட்டுக்காக சிப் இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். ஆகவே பேட்டரி தீரப்போகும் நேரம்தான் அதற்கு மிகவும் கஷ்டமான நேரம். கணக்கை அந்த நேரத்துக்குப் போட வேண்டும். பேட்டரி சுமார் 3.2 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது, சிப்பிலேயே ஒரு பத்து சதவீதம் வீணாகிறது என்று வைத்தால், சுருக்கமான வழி இது: ஒரு பேட்டரியின் பங்குக்கு வரும் வாட்டை 2.9 ஆல் வகுத்துவிடுங்கள்.

ஒற்றை பேட்டரியில் 80 வாட் என்றால் ஏறக்குறைய 28 ஆம்பியர். நல்ல 18650 பேட்டரிகள் நம்பிக்கையோடு தொடர்ந்து கொடுப்பது 20-லிருந்து 25 வரை. ஆக, தாண்டிவிட்டது. கடையில் பார்த்த மாடை அதில் எழுதியபடி 100 வாட்டில் ஓட்டினால் 34 ஆம்பியருக்கு மேல். அதே 80 வாட்டை இரண்டு பேட்டரிகள் பங்கிட்டால் ஆளுக்கு 40 வாட், ஏறக்குறைய 14 ஆம்பியர். பேட்டரி அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கும் அளவு. இரட்டை பேட்டரி மாட்களில் '200 வாட்' என்று போட்டிருப்பார்கள். அதையும் வகுத்துப் பாருங்கள், ஒற்றையில் 100 வாட் ஓட்டும் அதே 34 தான் வரும். வாங்கலாம், ஆனால் 100 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். கொஞ்சம் பெரிய 21700 பேட்டரி ஒன்று போடும் மாட்களும் உண்டு. அவற்றை 60 வாட் வரை நிம்மதியாக ஓட்டலாம். 80 என்று முடிவு செய்துவிட்டால் இரட்டையே நல்லது.

மாட் வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை சில. பேட்டரிக் கதவு ஆடாமல் பூட்ட வேண்டும். உள்ளே பிளஸ், மைனஸ் குறி தெளிவாக இருக்க வேண்டும். பேட்டரியை இழுக்க ரிப்பன் இருக்க வேண்டும், இல்லையென்றால் நகத்தாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்பி உறையைக் கிழிப்பீர்கள். பேட்டரி அறையிலிருந்து வாயு வெளியேற ஓட்டைகள் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலும், காயில் ஷார்ட் ஆனாலும், சூடு ஏறினாலும் தானாக நிற்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். யூஎல் 8139 என்ற பாதுகாப்புச் சான்று வேப்பின் மின்பகுதிக்கென்றே உள்ளது. எல்லா மாடிலும் இருக்காது, இருந்தால் நல்ல அறிகுறி.

அப்புறம் பேட்டரி. 18650 அளவில் உலகத்தின் பெரிய கம்பெனிகள் அடைக்கும் கொள்ளளவு 3500 எம்ஏஎச் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அந்த உயர்ந்த கொள்ளளவு பேட்டரிகள்கூட அதிக ஆம்பியர் கொடுக்காது. கொள்ளளவு ஏறினால் ஆம்பியர் இறங்கும். ஒரே குழாய்க்குள் இரண்டையும் அடைக்க இடமில்லை. சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர். சாம்சங் 30கியூ 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர். உங்கள் 14 ஆம்பியருக்கு 30கியூ எல்லையை உரசி நிற்கும், 25ஆர் தாராளமாகப் போதும். மோலிசெல் பி28ஏ 2800 எம்ஏஎச். கம்பெனித் தாளில் 35 ஆம்பியர் என்று இருக்கும், நான் 25 என்றே வைத்துக்கொள்வேன். சோனி பேட்டரித் தொழிலை 2017-ல் முராட்டா வாங்கிவிட்டது. அவர்களுடைய விடிசி5ஏ 2600 எம்ஏஎச், அதையும் 25 என்று கொள்ளலாம்.

அப்படியானால் 9900? பொய். ஒரு முறை தெரிந்தவர் ஒருவர் அப்படி ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தார். சமையலறைத் தராசில் வைத்தோம். நல்ல 18650 ஒன்று 44-லிருந்து 48 கிராம் வரை இருக்கும். அது 33 கிராம் காட்டியது. மெதுவாக ஒரு ஆம்பியரில் காலி செய்து அளந்தால் 1200 எம்ஏஎச்கூட வரவில்லை. பாதிக் குழாய் வெறுமை. எடை குறைந்தால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்று சொல்லிவிட முடியாது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய பேட்டரிக்குப் புது உறை போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பேட்டரி மட்டுமே விற்கும், பெயர் சொல்லும்படியான பிரிட்டிஷ் கடையில் வாங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தொகுதியில் வாங்கி, மார்க்கரால் அ1, அ2 என்று குறித்துவிடுங்கள். அந்த ஜோடி ஒன்றாகவே மாடில் போக வேண்டும், ஒன்றாகவே சார்ஜ் ஆக வேண்டும். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பழையது முதலில் தீர்ந்துபோய் அடிவாங்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த பேட்டரிகளைத் தனித்தனியாகப் பொதுமக்களுக்கு விற்கத் தயாரிக்கவில்லை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில், தனி 18650 பேட்டரிகளை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்றே எச்சரித்தது. அதனால் கீழே சொல்லும் கவனத்தை ஒவ்வொரு நாளும் எடுக்க முடியாது என்று தோன்றினால், பேட்டரி உள்ளேயே பொருத்தி வரும் 40 வாட் சாதனத்தோடு நின்றுவிடுங்கள். அது குறைவான தேர்வு இல்லை.

கவனிக்க வேண்டியதில் முதலிடம் பேட்டரியின் உறைக்கு. பூதக்கண்ணாடி வைத்து பிளஸ் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். நடுவில் பிளஸ் மொட்டு, அதைச் சுற்றி ஒரு சின்னக் காப்பு வளையம், அதற்கு வெளியே குழாயின் விளிம்பு. அந்த விளிம்பும் பக்கச்சுவரும் முழுக்க மைனஸ். அதாவது பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் இருப்பது இரண்டொரு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு வளையம், மெல்லிய பிளாஸ்டிக் உறை. அந்த இடத்தில் உறை நகக்கண் அளவு கிழிந்தாலும் மாடின் உலோகம் பட்டு ஷார்ட் ஆகலாம். புது உறைகள் சில காசுக்குக் கிடைக்கும், ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். குழாயே நசுங்கியிருந்தால் உறை மாற்றிப் பிரயோஜனமில்லை, பேட்டரியை ஒதுக்கிவிடுங்கள்.

தனி பேட்டரி ஒருநாளும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ கிடக்கக் கூடாது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த 195 வேப் வெடிப்பு, தீ விபத்துகளைத் தொகுத்தது. அதில் 61 நடந்தது வேப்போ பேட்டரியோ உடுப்பின் பையில் இருந்தபோது. சாவிக்கொத்தும் சில்லறையும் இரண்டு முனையையும் தொட்டால் போதும், தொடையில் தீப்புண். ஒரு பவுண்டுக்கு பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது, அதில் போட்டு வையுங்கள்.

சார்ஜ் செய்ய மாடின் யூஎஸ்பி துளையை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் தனியாகக் கணக்குப் பார்க்கும் வெளிச் சார்ஜர் வாங்கி ஒரு ஆம்பியரில் போட்டால் 25ஆர் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், டைல்ஸ் போட்ட இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கட்டில், சோபா, வெளியே போகும் வாசல் வழி, இந்த மூன்றும் கூடாது. லண்டன் குளிர்காலத்தில் ராத்திரி முழுவதும் காரில் கிடந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், பிறகு அந்த பேட்டரி என்றைக்கும் நம்பத்தக்கதில்லை. வீட்டுச் சூட்டுக்கு வரட்டும்.

பேட்டரி கையில் பிடிக்க முடியாத அளவு சூடானாலோ, 'உஸ்' என்று சத்தமோ இனிப்பான இரசாயன வாசனையோ வந்தாலோ, கழற்றிப் பார்க்க நிற்காதீர்கள். அந்தப் புகை நச்சு. முடிந்தால் மாடை வெளியே சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டு, முடியாவிட்டால் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு வெளியேறி 999-ஐ அழையுங்கள். ஆயுள் முடிந்த பேட்டரியின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி கவுன்சில் மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் தீப்பிடிக்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சிகரெட்டை விட்ட நிலையில் நிற்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் 80 வாட் தேவையே இல்லை. அதிக வாட்டில் திரவம் மடமடவென்று தீரும், இப்போது பாடில் போடும் அதே நிகோடின் அளவை அதில் ஊற்றினால் தலை சுற்றும். மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவுக்கு இறக்க வேண்டும். வேப் சிகரெட்டை விடக் கெடுதல் குறைவு, கெடுதலே இல்லாதது இல்லை. 30, 40 வாட்டில் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்றும் அடுத்துக் கேட்பீர்கள். விமானத்தில் வேப்பும் தனி பேட்டரியும் கைப்பெட்டியில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. ஆனால் இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாமே தடை. சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். சென்னைக்கு டிக்கெட் போட்டால், அது நேரடி விமானமானாலும் சிங்கப்பூர் வழியானாலும், மாடை ஈஸ்ட் ஹாம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பேட்டரிகளை வெளியே எடுத்து, பாதிச் சார்ஜில், டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.