எதிர்த்தரப்பின் பதிலை எழுதத் தெரியுமா?

அன்புள்ள ஐயா,

டாலஸில் என்னுடன் வேலை பார்க்கும் நண்பர், பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று நம்புகிறவர். நல்ல மனிதர். கொசு மருந்துக்கே அடங்காமல் மாறிவிடுகிறதே, அது பரிணாமம் இல்லையா என்று கேட்டால் சிரிக்கிறார். பரிணாமம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

புத்தகம் எதுவும் கொடுக்காதீர்கள். இத்தனை வாக்குவாதத்துக்குப் பிறகும் அவரை நல்ல மனிதர் என்று எழுதுகிறீர்களே, அது பெரிய விஷயம். ஆனால் அவர் மறுக்காத ஒன்றைத்தான் நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர் தரப்பு சொல்வதை அவர்கள் எழுத்திலேயே ஒருமுறையாவது படித்தீர்களா? உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதி கென் ஹாமின் ‘ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்’ அமைப்பு, பைபிளின் பிரளயக் கதையில் விலங்குகளைக் காப்பாற்றிய கப்பலான நோவாவின் பேழையை 2016இல் கென்டக்கியில் முழு அளவில் கட்டித் திறந்தது. அவர்கள் கணக்கில் பேழையில் ஏறியவை சுமார் 1,400 ‘வகைகள்’, 7,000க்கும் குறைவான விலங்குகள். சிங்கம், புலி, வீட்டுப்பூனை எல்லாம் ஒரே பூனை வகையின் வாரிசுகள். மாமத்தும் இன்றைய யானைகளும் ஒரே யானை வகை. சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வையும் புது இனங்கள் தோன்றுவதையும் ஏற்கிறார்கள். பூனை வகைக்கும் நாய் வகைக்கும் பொது மூதாதை உண்டு என்பதைத்தான் மறுக்கிறார்கள். உங்கள் கொசு, கொசுவாகவே இருக்கிறது. அதனால்தான் சிரித்தார்.

சரியான கேள்வி வேறு. பிரளயம் முடிந்து சுமார் 4,350 ஆண்டுகள் என்கிறார்கள். அதற்குள் 1,400 வகைகள் நிலத்தில் வாழும் முதுகெலும்பிகளில் 30,000க்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்திருக்க வேண்டும். பரிணாம உயிரியலாளர் எவரும் சொல்லத் துணியாத வேகம் அது. 2014இல் ஹாமுடன் விவாதித்த, தொலைக்காட்சியில் அறிவியல் விளக்கிப் பிரபலமான பில் நை இந்த நல்ல கேள்வியைக் கெடுத்தார். 7,000 வகைகளிலிருந்து 1 கோடியே 60 லட்சம் இனங்கள், அதாவது நாளுக்கு 11 புது இனங்கள் என்று கணக்குப் போட்டார். பூச்சிகளையும் கடல் உயிர்களையும் பேழையில் ஏற்ற வேண்டியிருந்ததாக அவர்கள் சொல்லவே இல்லை. பதில் சொல்வது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

‘தெரியவில்லை’ என்கிறீர்கள். 2012இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கான கருத்துக்கணிப்பில், மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை 48% பேர் சரி என்றார்கள். அதே வாக்கியத்தின் முன்னால் ‘பரிணாமக் கொள்கையின்படி’ என்று சேர்த்ததும் 72%. இடையிலுள்ள 24% பேர், கொள்கை தெரிந்தும் ஏற்காதவர்கள். ஏற்கிறவர்களிலும் ‘ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்டது’ என்று தவறாகச் சொல்பவர்கள் ஏராளம். அதைத் திருத்துவதில் நமக்கு அக்கறையே இல்லை என்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

பொருளியலாளர் பிரையன் கேப்லன் 2011இல் அரசியல் விவாதங்களுக்காக ஒரு சோதனையை முன்வைத்தார்: எதிர்த்தரப்பு ஆளாகவே பதில் எழுதி, அந்தத் தரப்பினரையே நம்பவைக்க முடிகிறதா என்று பார்ப்பது. இதற்கும் பொருந்தும். புதைபடிவங்கள், டிஎன்ஏ ஒற்றுமை, பூமியின் வயது, மனிதனின் தோற்றம் என நான்கு கேள்விகள். நீங்கள் படைப்புவாதியாக நின்று பதில் எழுதுங்கள். நண்பரின் சபையில் மூன்று நான்கு பேர் தங்கள் சொந்தப் பதிலை எழுதட்டும். ஒவ்வொன்றும் 150 சொற்களுக்குள். பெயரை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்து, எழுதாத ஒரு விசுவாசியிடம் கொடுங்கள். எது போலி, எந்த வரியில் தெரிந்தது என்று அவர் குறிக்க வேண்டும். வசனங்களை அள்ளிக் கொட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். ‘அறிவியலை நான் நம்புவதில்லை’ என்று எழுதினால் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள். அவர்கள் பொதுவாக அப்படிச் சொல்வதில்லை. பிறகு நண்பர் பரிணாமவாதியாக எழுதட்டும், உங்கள் தரப்பு ஆள் ஒருவர் திருத்தட்டும். மாட்டிய வரிகளை மட்டும் மறுபடி எழுதி அடுத்த சுற்றுக்குக் கொடுங்கள்.