வண்டிக்குப் பின்னால் ஓடும் நாய்

அன்புள்ள அக்கா,

எங்கள் வீட்டு லாப்ரடார் ஜூலிக்கு நாலு வயது, எடை 42 கிலோ. தினமும் நடக்க வையுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். காலையில் எனக்கு நேரமில்லை. அதனால் வண்டியில் உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ரெண்டு ரவுண்டு ஓட விடுகிறேன். மற்ற நேரமெல்லாம் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறோம். ஆனாலும் எடை குறையவில்லை. டிரெட்மில் வாங்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்?

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் பாலக்கோடு ரோட்டில் இதையேதான் பார்த்தேன். மொபெட்டில் ஒரு பையன், பின்னால் நாக்குத் தொங்க ஓடிவரும் ஒரு நாய். ஒரு புளியமரத்தடியில் அது நிற்கப் பார்த்தது. சங்கிலி இழுத்தது. நாலு காலும் தரையில் தேய கொஞ்ச தூரம் இழுபட்டு, மறுபடி எழுந்து ஓடியது. பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் வண்டியை விட்டு இறங்குங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். 42 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டில் வண்டி வேகத்துக்கு ஓடினால் மூட்டு என்ன ஆகும்? நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். களைத்துவிட்டேன் என்று அது உங்களிடம் எப்படிச் சொல்லும்? சித்திரை வெயிலில் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

டிரெட்மில் வேண்டாம், அதை விடுங்கள். காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விட்டிருப்பதும் நடை ஆகாது. நாய் தனியாக உடற்பயிற்சி செய்யாது தம்பி. கேட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பஞ்சப்பள்ளிப் பக்கம். அப்பா ஆடு மேய்த்தார். செவலை என்று ஒரு நாட்டு நாய் இருந்தது, களியும் மோரும்தான் அதற்குச் சாப்பாடு. கரட்டில் அப்பா ஒரு மைல் நடந்தால் அது நாலு மைல் நடக்கும். நேராக நடந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு ஆவாரஞ்செடி வந்தால் முதலில் தூரை மோந்து பார்க்கும், அப்புறம் ஒவ்வொரு கிளையாக மேலே வரும், மூக்கின் ஓரம் படபடவென்று துடிக்கும். நான் அவசரப்பட்டுக் கூப்பிடுவேன். "ராத்திரி யாரு வந்துட்டுப் போனாங்கன்னு பாக்குது, இரு" என்று அப்பா கோலை ஊன்றி நின்றுவிடுவார். ஆடு நகர்ந்தாலும் நிற்பார்.

நடை என்றால் எனக்கு அதுதான். காலுக்கு மட்டும் வேலை கொடுத்து மூக்கைப் பட்டினி போட்டால் நாய்க்குப் பாதி நடைதான் கிடைக்கிறது. உங்கள் வண்டி ஜூலியை ஒரு செடியிலாவது நிற்க விட்டதா? நடந்து போகிறவர்களும் சிலர் இப்படித்தான், போனைப் பார்த்துக்கொண்டே தரதரவென்று இழுக்கிறார்கள். நின்றால் நிற்க விடுங்கள். அது போதும் என்று தலையைத் தூக்குகிற வரைக்கும் நில்லுங்கள்.

நம் ஊத்தங்கரையைத் தாண்டினால் செங்கம் வட்டாரம். அங்கே எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு, மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு விழுந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று பேர். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். எருமைக்குப் பின்னால் நாளெல்லாம் காட்டில் நடந்த நாயாகத்தான் அது இருந்திருக்கும்.

நாங்கள் என்ன செய்தோம்? நான் பள்ளிக்கூடம் படிக்க தர்மபுரிக்குக் குடிவந்தபோது செவலையையும் கூட்டிவந்து தென்னைமரத்தில் கட்டினோம். ஒரு வருடத்தில் மரத்தைச் சுற்றிப் புல் இல்லாமல் ஒரு வட்டம் விழுந்தது. மீந்த சோறெல்லாம் அதற்குத்தான், உடம்பு பெருத்தது. ஒரு நாள் காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தது. பார்த்தால் முன்னங்கால் நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. நடக்கிற நாய்க்கு நகம் தரையில் தானாகத் தேயும். கரட்டில் ஒரு நாளும் அதற்கு நகம் வெட்டியதில்லை. அப்பா மடியில் அந்தக் காலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து விடியற்காலையில் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனார்கள்.

சரி, நிமிடக் கணக்கு கேட்டீர்கள். நல்ல உடம்புள்ள லாப்ரடாருக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். ஜூலிக்கு இப்போது அது கூடாது. மூட்டையும் இதயத்தையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, விடியலில் பத்து நிமிடம், பொழுது சாய்ந்து பத்து நிமிடம் என்று தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். சாப்பாட்டையும் அளந்து வையுங்கள், நடையால் மட்டும் இந்த எடை இறங்காது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மாம்பழக் காலத்தில் கொட்டை அதன் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குடலில் அடைத்துக்கொள்ளும்.

இன்றைக்கு ராத்திரி ஜூலியின் முன்னங்காலைக் கையில் எடுத்து நகத்தைப் பாருங்கள். சிமெண்ட் தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கிறதா என்றும் கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா