10 வயது மகளுடன் ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் ஓட்ட எங்கே, எப்படித் தொடங்குவது?

சமதளத்தில் நன்றாக ஓட்டும் மகளுக்கு மலைப்பாதை புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிரான்ஸ்-சுவிட்சர்லாந்து எல்லையில் விரிந்திருக்கும் போர்த் து சொலேய் பகுதியையே நான் பரிந்துரைப்பேன். 2004, 2022 ஆகிய ஆண்டுகளில் மலைச் சைக்கிள் உலகப் போட்டிகள் நடந்த லே ஜே அங்கேதான் இருக்கிறது என்றாலும், தொடக்க நிலையினருக்கான பாதைகளும் அவ்வூரில் உண்டு. கோடையில் ரோப் கார்கள் சைக்கிளையும் மேலே கொண்டுசெல்வதால், குழந்தையின் வலிமை ஏற்றத்திலேயே தீர்ந்துவிடாது.

பாதைகள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடினமாகின்றன. முதல் நாள் முழுவதும் பச்சையிலேயே இருங்கள்.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது பிரேக்கைத்தான். பெரியவர் கைக்கு அமைக்கப்பட்ட பிரேக் பிடி சிறு விரல்களுக்கு எட்டாது. அதைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவரும் திருகாணி பல சைக்கிள்களில் இருப்பதால், வாடகைக்கு எடுக்கும் கடையிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும் என்பதோடு பிஞ்சுக் கைகளும் சோர்ந்துவிடும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துப் பிறகு விடுவதைப் புல்வெளியில் பழக்கியபின் மேலே அழைத்துச் செல்லுங்கள். இருக்கையைத் தாழ்த்தி, பெடல்களைச் சமமாக வைத்து, எழுந்து நின்றபடி இறங்குவதே பாதுகாப்பானது.

முகத்தையும் மறைக்கும் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. கோடைப் பிற்பகல்களில் அங்கே இடிமழை திடீரெனத் திரளும் என்பதால் காலையிலேயே புறப்படுங்கள். அவசர உதவிக்கு இரு நாடுகளிலும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.