கல் நிரப்பிய பெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பழைய மனநோய் விடுதி ஒன்றில் இருந்த பொருட்களின் படங்களைப் பார்த்தேன். ஆள் படுக்கும் நீளத்தில் ஒரு மரப்பெட்டி, உள்ளே கற்கள், பக்கத்தில் கைப்பிடியோடு பெரிய சக்கரம். நோயாளிகளை வதைக்கும் கருவியா அது? பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வதைக்கருவி இல்லை, துணியின் சுருக்கம் எடுக்கும் இயந்திரம். மேங்கிள் என்பார்கள். ஈரம் முழுக்கக் காயாத விரிப்புகளை மர உருளைகளில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைப்பார்கள். சக்கரத்தைச் சுற்றினால் பெட்டி கல் பாரத்தோடு உருளைகள் மேல் முன்னும் பின்னும் ஓடும். நெருப்பே வேண்டாம், பாரமே இஸ்திரி போட்டுவிடும். ஆரம்பகாலப் பெட்டிகளில் ஒவ்வொரு முனையிலும் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிச் சுற்ற வேண்டும். ஓடிவரும் கல்பெட்டியை நிறுத்தித் திருப்புவது தோளைப் பிடுங்கும் வேலை. பிறகு பல்சக்கரங்களை மாற்றியமைத்து, ஒரே திசையில் சுற்றினாலே போய்வரும்படி செய்தார்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே துணியை விட்டுப் பிழியும் சின்ன வகை வீடுகளிலும் இருந்தது. அது பொத்தானையும் உடைக்கும், கவனம் தப்பினால் விரலையும் நசுக்கும்.

சரி, அதைச் சுற்றியது யார்? பெரும்பாலும் நோயாளிப் பெண்கள். 1796-இல் வில்லியம் டியூக் தொடங்கிய யார்க் ரிட்ரீட் என்ற மனநோய் விடுதி, நோயாளிகளைக் கட்டிவைக்கும் சங்கிலிக்குப் பதிலாக அன்பையும் ஒழுங்கான வேலையையும் முன்வைத்தது. 1831-இல் திறந்த ஹான்வெல் விடுதியில், முதல் கண்காணிப்பாளர் வில்லியம் எல்லிஸ் வேலையையே மருந்தாக நம்பினார். ஆண்கள் வயலுக்கு, பெண்கள் சலவைக்கூடத்துக்கு. 1851-இல் திறந்த கோல்னி ஹாட்ச் விடுதியோ சுமார் 1,250 பேருக்கென்று கட்டியது. படுக்கை நனைப்பவர்களும் அதில் உண்டு. அத்தனை விரிப்புகளையும் நினைத்துப் பாருங்கள்!

சங்கிலியோடு ஒப்பிட்டால் சக்கரம் எவ்வளவோ மேல், அதை நான் மறுக்க மாட்டேன். கைக்கு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் நன்றாகத் துணி தேய்க்கும் ஒருத்தியை, குணமாகிவிட்டாள் என்று வீட்டுக்கு அனுப்ப எந்த நிர்வாகத்துக்கு மனசு வரும்? மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் கூலியும் கேட்க முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே 1973-இல், நோயாளிகளின் உழைப்புக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று சௌடர் வழக்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அப்புறம் பல விடுதிகள் கூலி கொடுக்கவில்லை, 'மருந்தை' நிறுத்திவிட்டன.