இமை நோகாமல் மை கலைக்க

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது; ஆறு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்று வருகிறாள். நிகழ்ச்சி நாள்களில் நீரில் கலையாத ஐலைனர், காஜல், மஸ்காரா மூன்றையும் அழுத்தமாகப் போட வேண்டியிருக்கிறது. இரவு வீடு திரும்பியதும் குளியல் சோப்பைக் குழைத்து நானே தேய்த்துக் கழுவிவிடுவேன். மறுநாள் இமைகள் சிவந்து, ஓரங்களில் தோல் உரிகிறது. மையும் முழுதாகப் போவதில்லை. கடையில் கேட்டால் 700, 800 ரூபாய்ப் புட்டிகளைக் காட்டுகிறார்கள். விலை குறைவாகவும் கண்ணுக்கு எரிச்சல் தராததாகவும் உள்ள ரிமூவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் சோப்பை நிறுத்திவிடுங்கள். இமை சிவப்பதற்கு அந்தச் சோப்பும் அதனோடு சேர்ந்த தேய்ப்புமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. அது ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. வழக்கமான குளியல் சோப்புக் கட்டியின் பி.எச். அளவு (அமிலத் தன்மையா காரத் தன்மையா என்று காட்டும் எண்) 9 முதல் 10 வரை இருக்கும். கண்ணீரின் அளவோ ஏறக்குறைய 7.4. அவ்வளவு காரமான ஒன்றை அவ்வளவு மெல்லிய தோலில் வைத்துத் தேய்த்தால், மை போகிறதோ இல்லையோ, தோலின் இயல்பான எண்ணெய்ப் பசை போய்விடும்.

அப்படித் தேய்த்தும் மை போகாததற்குக் காரணம் அதன் தயாரிப்பிலேயே இருக்கிறது. நீரில் கலையாத மைகளில் தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, சிலிக்கோன், உலர்ந்ததும் படலமாக ஒட்டிக்கொள்ளும் பிசின் வகைகள் ஆகியவற்றோடுதான் கரிய நிறமியைக் குழைக்கிறார்கள். மேடை விளக்கின் சூட்டில் வழியும் வியர்வைக்கே அசையாத அந்தப் படலம், குழாய்த் தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. மெழுகை இளக்குவது எண்ணெய்தான். தெருக்கூத்துக் கலைஞர்கள் விடிந்ததும் தேங்காய் எண்ணெயைத் தடவி அரிதாரத்தைக் கலைப்பதும் இந்த அறிவின்படியே.

ஆகவே உங்கள் மகளுக்கு எண்ணெய் அடிப்படையிலான ரிமூவரே ஏற்றது. கடைகளில் இரண்டு அடுக்காக, மேலே எண்ணெயும் கீழே நீருமாகப் பிரிந்து நிற்கும் புட்டிகள் கிடைக்கின்றன. குலுக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். நீர்புகா மைக்கென்றே செய்யப்பட்டவை இவை. இதனினும் மலிவான வழி, மருந்துக் கடையில் கிடைக்கும் மணமற்ற லிக்விட் பாரஃபின் அல்லது மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லி. கண்ணில் இடும் களிம்பு மருந்துகள் பலவற்றுக்கு அடிப்படையே தூய்மைப்படுத்திய பாரஃபினும் பெட்ரோலியம் ஜெல்லியும்தான் என்பதால், இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் களிம்புகள் கிருமி நீக்கிச் செய்யப்படுபவை. மற்ற டப்பாக்கள் அப்படியல்ல. ஆகவே இவற்றை மூடிய இமையின் மேல் மட்டும் தடவுங்கள். கண்ணுக்குள் இட வேண்டாம். வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: மலச்சிக்கலுக்காக வேறு பொருள்களும் இனிப்பும் மணமும் சேர்த்துத் தரும் பாரஃபின் கலவை மருந்து வேறு, அது இதற்கு ஆகாது.

விலையைப் பொறுத்தவரை, புட்டியின் மேல் அச்சிட்ட தொகையை விட ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை ஆகிறது, எத்தனை நாளில் தீர்ப்போம் என்ற இரண்டையும் பாருங்கள். 125 மி.லி. புட்டி ஒன்றின் விலை 250 ரூபாய் என்றும், இரு கண்களுக்குமாக ஒரு முறைக்கு 4 மி.லி. செலவாகும் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நிகழ்ச்சிக்கு 8 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் மாதத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகள் மட்டுமே என்றால், அந்தப் புட்டி தீர 15 மாதங்களுக்கு மேல் ஆகும். புட்டியின் பின்புறத்தில் திறந்த டப்பாவின் படத்துக்குள் 6 அல்லது 12 என்ற எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்தபின் அத்தனை மாதங்களே பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். எனவே பெரிய புட்டி மலிவு என்ற வழக்கமான கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இருப்பதில் சிறியதை வாங்குங்கள்.

மூலப்பொருள் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃபம்' என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இமை ஒவ்வாமைக்கு நறுமணப் பொருள்கள் முக்கியமான காரணம். 'அன்சென்டட்' என்பதும் 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதும் ஒன்றல்ல. முன்னதில், வேறு வாசனையை மறைப்பதற்காகவே மணப்பொருள் சேர்த்திருக்கலாம். மெந்தால், ஆல்கஹால் டீனாட், நறுமண எண்ணெய்கள் ஆகியவையும் இமைக்கு வேண்டாதவை. பதப்படுத்தும் பொருள்களில் மெதில்ஐசோதயசோலினோன், குவாட்டர்னியம்-15, டி.எம்.டி.எம். ஹைடன்டாயின் என்ற பெயர்கள் தென்பட்டால் தவிர்த்துவிடலாம். முதலில் சொன்ன மெதில்ஐசோதயசோலினோனைக் கழுவாமல் தோலிலேயே விடும் அழகுப்பொருள்களில் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடைவிதித்திருக்கிறது. 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை தரும் வாய்ப்புக் குறைவு) என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அமெரிக்காவிலேயே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தான் கொண்ட பொருளில் அதை அச்சிட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவைக் காலையும் மாலையுமாக ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் இமைக்குக் கொண்டு செல்லுங்கள். இப்போது தோல் உரிந்திருக்கிறதே, அது முழுதும் ஆறும்வரை கண்ணுக்கு எந்த ஒப்பனையும் வேண்டாம்.

இனி, கலைக்கும் முறை. புட்டியைத் தேர்ந்தெடுப்பதை விட இதுவே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையைக் கழுவியபின், தட்டையான பஞ்சு வில்லையை ரிமூவரில் நன்றாக நனைத்து, மூடிய இமையின் மேல் வைத்து, ஒன்று முதல் முப்பது வரை நிதானமாக எண்ணுங்கள். அதுவரை தேய்க்காதீர்கள், அழுத்தவும் செய்யாதீர்கள். மெழுகு இளகியபின் மேலிருந்து கீழாக, இமைமயிர் வளர்ந்திருக்கும் திசையிலேயே ஒருமுறை வழித்தால் பெரும்பகுதி பஞ்சோடு வந்துவிடும். எஞ்சியதற்குப் புதிய பஞ்சை எடுத்து மறுபடியும் வைத்துக் காத்திருங்கள். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைக்க வேண்டாம். பிரித்தெடுத்த பஞ்சுருண்டையின் இழைகள் கண்ணுக்குள் விழும். வில்லை கிடைக்காவிட்டால், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய மல் வேட்டித் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்ளலாம். கடைசியில் வெதுவெதுப்பான நீரும், முகத்துக்கான மென்மையான, மணமற்ற ஃபேஸ்வாஷும் கொண்டு எண்ணெய்ப் பசையைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். இமைமயிரின் அடியில் நூலளவு மை தங்கிவிட்டால் அன்றிரவே அதைத் துரத்த வேண்டாம். களைத்துப்போன குழந்தையைத் தூங்க விடுங்கள். மறுநாள் காலை அதே முறையில் எடுத்துவிடலாம்.

உங்கள் நாட்டிய ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஐலைனர் தூரிகையை வரிசையாகப் பல பிள்ளைகளின் கண்ணுக்குத் தீட்டும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. ஒருவரின் கண் தொற்று மற்றவருக்குப் பரவ அது ஒன்றே போதும். உங்கள் மகளின் மையையும் தூரிகையையும் தனியே ஒரு பையில் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதாதா? விளக்கெண்ணெய் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார் என் மாமியார். அதைப் பன்னீரோடு கலந்து புட்டியில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தேங்காய் எண்ணெய் பலருக்கும் ஒத்துக்கொள்ளும், மெழுகையும் நன்றாகவே இளக்கும். ஆனால் தலைக்குத் தேய்க்கும் மணமூட்டிய எண்ணெய் கூடாது. வாசனை சேர்க்காத தூய எண்ணெயாக இருக்க வேண்டும். விரலை விட்டு எடுக்கும் புட்டியிலிருந்து எடுக்காமல், சிறு புட்டியில் தனியே ஊற்றி வைத்து, பஞ்சில் சாய்த்துக்கொள்ளுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் கண்ணுக்குள் இறங்கிச் சிறிது நேரம் பார்வையை மங்கலாக்கும். நான்கைந்து துளிகள் போதும். முகப்பரு எளிதில் வரும் தோலாக இருந்தாலோ, கண்ணைச் சுற்றி வெண்ணிறச் சிறு பருக்கள் தோன்றினாலோ லிக்விட் பாரஃபினுக்கு மாறிவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதற்குப் பின்னணி உண்டு. விளக்கெண்ணெய் விளக்கின் புகைக்கரியைப் பிடித்து, அதே எண்ணெயில் குழைத்துத்தான் நம் வீடுகளில் கண் மை செய்தார்கள். ஆயினும் அது மிகவும் பிசுபிசுப்பானது; இமையிலிருந்து அதைக் கழுவுவதே தனி வேலையாகிவிடும் என்பதால் மை கலைக்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விளக்குக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணருகே கொண்டு செல்லவே கூடாது. பன்னீர்க் கலவையும் வேண்டாம். எண்ணெயோடு நீர் சேர்ந்து, பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாமல் நாள்கணக்கில் இருந்தால் அதில் கிருமிகள் வளரும்.

கேள்வி: அலுவலகத்துக்கு மெல்லிய ஐலைனரும் மஸ்காராவும் மட்டும் போடுகிறேன், கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். மைசெல்லர் வாட்டர் போதுமா? கழுவத் தேவையில்லை என்று அதன் மேல் போட்டிருக்கிறார்களே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீரில் கலையும் சாதாரண மைக்கு மைசெல்லர் வாட்டர் போதுமானது, நாள்தோறும் பயன்படுத்துபவர் என்பதால் பெரிய புட்டியை வாங்குவதே உங்களுக்குச் சிக்கனம். நீரில் கரைந்திருக்கும் மென்மையான அழுக்குநீக்கி மூலக்கூறுகள் சிறு சிறு திரள்களாகச் சேர்ந்து, எண்ணெயையும் நிறமியையும் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. அந்த மூலக்கூறுகள் இமையோரத்திலேயே தங்கினால், கண்ணீருக்கு மேல் இயற்கை விரித்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் சிறிது சிறிதாகக் கலைக்கும். எனவே புட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பயன்படுத்தியபின் வெறும் நீரால் கழுவிவிடுங்கள். காலையில் லென்ஸை அணிந்தபின் மை போடுங்கள். மாலையில் லென்ஸை எடுத்தபின் மை கலையுங்கள். இந்த வரிசை மாறினால் ரிமூவர் லென்ஸில் படிந்து, அது மங்கி, கண்ணும் உறுத்தும்.

கேள்வி: பேபி ஷாம்பு கண்ணை எரிக்காதே, அதையே பயன்படுத்தினால் என்ன? பயணத்தில் ஈரத் துடைப்பான்கள் நல்லவையா?
– வாசகி, சேலம்

பதில்: எரியவில்லை என்பதாலேயே கண்ணுக்கு நல்லது என்று ஆகிவிடாது. பேபி ஷாம்பு தலைமுடியின் எண்ணெயைப் போக்கச் செய்யப்பட்டது. நாள்தோறும் இமையில் போட்டால் வறட்சி உண்டாகலாம். நீர்புகா மெழுகையும் அது சரியாக இளக்காது. ஈரத் துடைப்பான்கள் விலையும் அதிகம், தேய்ப்பும் அதிகம். ரயில் பயணத்துக்கு ஒரு சிறு புட்டியும் பத்துப் பஞ்சு வில்லைகளும் போதும்.

கேள்வி: கல்லூரி நாள்களிலிருந்தே இமையின் உள்விளிம்பில் காஜல் தீட்டுகிறேன். எந்த ரிமூவரால் கலைத்தாலும் காலையில் கண் பீளை கட்டி, மாலையில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது. விலை உயர்ந்த ரிமூவருக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: ரிமூவரை மாற்றுவதால் மட்டும் இது தீராது. நீங்கள் மை தீட்டும் அந்த உள்விளிம்பில்தான் கண்ணீரின் எண்ணெயைச் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாகத் திறக்கின்றன. மேலிமையில் ஏறக்குறைய 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். அவற்றின் மேலேயே மெழுகைப் பூசுகிறோம். உள்விளிம்பில் தீட்டும்போது, வெளியே தீட்டுவதை விட விரைவாகவும் கூடுதலாகவும் மைத் துகள்கள் கண்ணீரில் கலப்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அந்த விளிம்பை எந்த ரிமூவர் கொண்டும் உள்ளே துடைக்க முயல வேண்டாம். பஞ்சு விழிவெண்படலத்தை உரசிவிடும்.

ஒரு மாதம் காஜலை முற்றிலும் நிறுத்திப் பாருங்கள். இரவில், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வரை வைத்திருங்கள். ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். சுரப்பிகளில் உறைந்த எண்ணெய் இளக இது உதவும். பிறகு தீட்ட விரும்பினால் இமைமயிருக்கு வெளியே தீட்டுங்கள். பழைய மஸ்காராவை மூன்று மாதங்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். உற்பத்தி உரிம எண்ணும் மூலப்பொருள் பட்டியலும் இல்லாத கண் மையையும் சுர்மாவையும் வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

அந்த மாதத்துக்குள் உறுத்தல் குறையாவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள். வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், சீழ் இவற்றில் எது தோன்றினாலும் மாதம் முடியும்வரை காத்திராமல் அன்றே போய்விடுங்கள். போகும்போது நீங்கள் பயன்படுத்தும் காஜலையும் ரிமூவர் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; அவற்றின் மேல் உள்ள பட்டியலை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.