புறநகரில் அரசு நலவாழ்வு மையங்களை இரவு வரை திறந்து வைத்தால் மக்கள் வருவார்களா?

வருவார்கள். "இப்போதே மாலையில் கூட்டம் இல்லை, பிறகு எதற்கு நேரத்தை நீட்டிக்க வேண்டும்" என்று கேள்விக்குக் கீழே விவரம் எழுதியிருக்கிறீர்கள். குடியிருப்போர் சங்கத்தில் இருந்துகொண்டு மனு போட யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கூட்டம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் கடைக்குத்தான் வருகிறது.

டி.பார்ம் (பார்மசிஸ்ட் டிப்ளமா) முடித்துவிட்டு தென்சென்னைப் புறநகரில் ஒரு மெடிக்கலில் மாலை ஷிப்ட் பார்க்கிறேன். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆட்கள் நிறைய வருவார்கள். நகருக்குள் ஆற்றங்கரையோரம் இருந்த பல குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பகுதிகள் இவை. வீடு இங்கே வந்துவிட்டது, வேலை இன்னும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருக்கிறது. வீட்டு வேலை, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி. இருட்டோடு பஸ் ஏறினால் திரும்பி இறங்க ஏழு, ஏழரை ஆகிவிடும்.

2023 ஜூனில் தமிழகம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை ஒரே நாளில் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் போர்டில் எட்டு மணி என்று எழுதியிருப்பது வேறு, ஏழே முக்காலுக்கு டாக்டரைப் பார்க்க ஓ.பி. சீட்டு கிடைப்பது வேறு.

ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் பாத்ரூம் கழுவும் வேலை பார்க்கிற அக்கா ஒருவர். "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்த, அரசு மையத்தில் தருகிற மாத்திரையின் காலி அட்டையை நீட்டி, "தம்பி, இதே மாதிரி பத்து குடு" என்றார். சர்க்கரைக்குப் போடுகிற மெட்ஃபார்மின் 500. டாக்டர் எழுதிய சீட்டு கேட்டேன், தொலைந்துவிட்டது என்றார். நாள் முழுக்க ஈரத்தில் ரப்பர் செருப்போடு நிற்கிறவர், காலைப் பார்த்தேன். இடது கால் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போய், அடியில் சீழ் கட்டியிருந்தது. வலிக்கவில்லையா என்றால், "ஒண்ணும் தெரியலையே தம்பி" என்கிறார். சர்க்கரைக்காரர் அப்படிச் சொன்னால்தான் பயப்பட வேண்டும், கால் மரத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா, இப்பவே மையத்துக்குப் போங்க, எட்டு மணி வரைக்கும் டாக்டர் இருப்பாங்க" என்று அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். டாக்டர் கிளம்பிவிட்டாராம், காலையில் வரச் சொன்னார்களாம். காலையில் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. அவர் போகவில்லை. பிறகு காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது அந்த விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

எந்த மையம் என்று எழுத மாட்டேன். அங்கே இருப்பவர்களைத் திட்டுவதும் என் நோக்கமில்லை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான் ஆட்கள். தூரத்திலிருந்து வருகிற டாக்டர் பன்னிரண்டுக்கு முடித்துவிட்டு நாலு மணி வரை எங்கே போய் உட்காருவார்? அவர் ஒருநாள் லீவு எடுத்தால் மாலை ஓ.பி. படுத்துவிடும். ஒரே ஆளை இரண்டாக வெட்டி இரண்டு வேளைக்கும் ஓடவிட்டால் இப்படித்தான் ஆகும். மாலைக்குத் தனி டாக்டர் வேண்டும்.

"மெடிக்கல்காரனே சீட்டில்லாமல் விற்றுவிட்டு நியாயம் பேசுகிறான்" என்று சொல்ல சிலர் வருவார்கள். செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்துகள் 2014 மார்ச்சிலிருந்து, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருக்கின்றன. எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். சீட்டில்லாமல் கேட்டால் தருவதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், அங்கே கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. மையத்தில் இருப்பதாக நான் சொன்ன அந்த நாலு பேரில் பார்மசிஸ்ட் கிடையாது. கட்டும் கட்டி, ஊசியும் போட்டு, மாத்திரையும் நர்ஸே எண்ணிக்கொடுக்க வேண்டும். வெளியிலோ எங்களை எல்லோருக்கும் "கடைப் பையன்" என்றுதான் தெரியும். சர்டிபிகேட்டை மட்டும் வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, படிக்காத ஆளை நிறுத்தி மருந்து கொடுக்கிற கடைகள் இருக்கும்போது, படித்துவிட்டு நிற்கிறவனுக்குச் சம்பளம் எப்படி ஏறும்?

'மக்களைத் தேடி மருத்துவம்'தான் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறதே என்பீர்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த அந்தத் திட்டம் படுக்கையில் இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கா வீடு பகலில் பூட்டியல்லவா இருக்கிறது.

மனுவில் வெறுமனே "நேரத்தை நீட்டிக்கவும்" என்று எழுதாதீர்கள். கடைசி ஓ.பி. சீட்டு எத்தனை மணி வரை என்று போர்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துத் தரச் சொல்லுங்கள். மூன்று மாத சர்க்கரை சராசரி பார்க்கிற எச்பிஏ1சி டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை, மாலையிலும் ரத்தம் எடுக்கலாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்தை சங்கத்து மீட்டிங்கில் வாங்க வேண்டாம், இவர்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள். ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று வாங்குங்கள்.