லண்டனை எதிர்த்து எழுதிய சென்னை கவர்னர்

"பிரிட்டிஷ் காலத்தில் கவர்னர்கள் லண்டன் அரசின் கொள்கையை எதிர்த்துக் கடிதம் எழுதியதுண்டா? எழுதினால் வேலை போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எழுதினார்கள். எதிர்த்து எழுதியதற்காக மட்டும் யாருக்கும் வேலை போகாது. அந்தக் கருத்து எந்த வழியில் போனது என்பதுதான் விஷயம். அரசு அலுவலகத்தில் கோப்போடு காலம் தள்ளியவன் என்பதால், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த ஆள் சார்லஸ் ட்ரெவெல்யன்.

1859-ல் சென்னை கவர்னராக வந்தவர். அதற்கு முன் 19 வருடம் லண்டன் கஜானா இலாகாவில் உயரதிகாரி. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தில் கஞ்சத்தனமாக இருந்து கெட்ட பெயர் வாங்கியவரும் இவர்தான். பரீட்சை வைத்து அரசு ஊழியர்களை எடுக்க வேண்டும் என்று சொன்ன 1854 அறிக்கையில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர். ஆக, அலுவலக நடைமுறை தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

1857 கலகத்தை அடக்கிய செலவில் இந்திய கஜானா காலி. அதைச் சரிக்கட்ட லண்டன் அனுப்பிய நிதி மெம்பர் (வைஸ்ராய் கவுன்சிலில் நிதியைக் கவனிப்பவர்) ஜேம்ஸ் வில்சன், 1860 பிப்ரவரியில் அன்றைய தலைநகர் கல்கத்தாவில் பட்ஜெட் போட்டு வருமான வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கு அது புதுசு. வருடம் 200 ரூபாய் வருமானம் இருந்தாலே வரி; 500 வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் 4. ட்ரெவெல்யனுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. செலவைக் குறையுங்கள், முக்கியமாக ராணுவச் செலவை. புது வரி போட்டால் ஜனங்கள் கொதிப்பார்கள் என்பது அவர் வாதம்.

இதைச் சொல்ல அவருக்கு ராஜபாட்டையே இருந்தது. கவர்னர் தன் கருத்தை 'மினிட்' என்று எழுதுவார், கவுன்சில் உறுப்பினர்கள் தங்கள் மினிட்டைச் சேர்ப்பார்கள், கட்டு மேலே போகும். மாகாணங்கள் வைஸ்ராய்க்குக் கீழே என்றாலும், சென்னை, பம்பாய் கவர்னர்களுக்கு மட்டும் லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கு நேரடியாக எழுதும் உரிமை உண்டு. பாரா பாராவாக எண் போட்ட அரசுக் கடிதம் ஒரு தடம். அது என்றைக்காவது பாராளுமன்ற மேசைக்கு வரலாம் என்பதால் அளந்துதான் எழுதுவார்கள். கூடவே மந்திரிக்குத் தனிக் கடிதம் இன்னொரு தடம், நம்ம டி.ஓ. லெட்டர் (அதிகாரி பெயருக்கே எழுதும் அரைகுறை அரசுக் கடிதம்) மாதிரி. யார் சரியில்லை, எது உருப்படாது என்ற உண்மையான பேச்செல்லாம் அதில்தான்.

ட்ரெவெல்யன் மூன்றாவது தடம் ஒன்றைப் பிடித்தார். ஏப்ரலில் தன் எதிர்ப்பைச் சங்கேத எழுத்தில்கூட இல்லாமல், தந்தி ஆபீஸ் குமாஸ்தாவும் படிக்கிற மாதிரி திறந்த தந்தியாகக் கல்கத்தாவுக்கு அடித்தார். மினிட்டைச் சென்னைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். பழக்க தோஷம்தான்: 1843-ல் அயர்லாந்து போய்வந்து, அங்கே பார்த்ததைப் புனைபெயரில் லண்டன் பத்திரிகைக்கு எழுதி, அன்றைய பிரதமர் பீலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

லண்டனுக்கும் இந்தியாவுக்கும் அப்போது தந்தித் தொடர்பு நிலைக்கவில்லை. செய்தி கப்பலில் சூயஸ் வழியாகப் போய்ச் சேர ஒரு மாதம். ஆனால் முடிவெடுக்க லண்டன் யோசிக்கவே இல்லை. மே மாதமே திரும்ப அழைத்தாயிற்று. இந்தியா மந்திரி சார்லஸ் வுட்டுக்கு உறுத்தியது வரியைப் பற்றிய கருத்து அல்ல. ஒரு கவர்னரே 'இந்த வரி அநியாயம்' என்று ஊரறியச் சொன்னால் கலெக்டர் எந்த முகத்தோடு வசூலுக்குப் போவார்? என்னைக் கேட்டால் வுட் பக்கம் நியாயம் இருக்கிறது. பிரதமர் பாமர்ஸ்டன் பாராளுமன்றத்தில் திரும்ப அழைத்தது கண்டனம்தான் என்று ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் ட்ரெவெல்யனின் திறமையைப் புகழவும் செய்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவருக்குப் பதிலாக இலங்கை கவர்னராக இருந்த ஹென்றி வார்டைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஜூலையில் வந்தவர் ஆகஸ்ட் 2-ல் காலராவில் போய்விட்டார். வருமான வரிச் சட்டம் ஜூலை 24-ல் அமலுக்கு வந்தது. இன்றும் வருமான வரித்துறை அந்த நாளைத்தான் கொண்டாடுகிறது. வில்சன் ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதியில் இறந்தார். ட்ரெவெல்யனை 1862-ல் திரும்பவும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள், அதுவும் வில்சன் உட்கார்ந்த அதே நிதி மெம்பர் பதவிக்கு. அந்த வரிக்கு ஐந்து வருடக் கெடு. 1865-ல் கெடு முடிந்தபோது அவர் அதை நீட்டிக்கவில்லை. இந்த முறை யாரும் அவரைத் திரும்ப அழைக்கவும் இல்லை.